விபத்தில் அடிபட்ட காரை எங்கே கொடுப்பது: டீலர் சர்வீஸ் சென்டரா, வெளிப் பட்டறையா?

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் போகும் சாலை. கெல்லி மாளிகையைத் தாண்டியதும் நல்ல மழை. ராத்திரி 9 மணி. முன்னால் போன கார் சட்டென்று பிரேக் போட, நீங்கள் ஓட்டி வந்த அப்பாவின் மைவி அதன் பின்பக்கத்தில் இடித்து நிற்கிறது. யாருக்கும் அடி இல்லை. கை மட்டும் நடுங்குகிறது. வீட்டுக்கு போன் போட்டு முடிப்பதற்குள் ஓர் இழுவை லாரி வந்து பக்கத்தில் நிற்கிறது. யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது.

"தம்பி, இன்சூரன்ஸ் இருக்குல்ல? அப்புறம் என்ன கவலை? நம்ம பட்டறைக்கே கொண்டு போயிடலாம். எல்லாத்தையும் நாங்களே பாத்துக்குறோம். இங்க ஒரு சைன் மட்டும் போடுங்க."

டீலரா, வெளிப் பட்டறையா என்ற கேள்விக்கு நிறைய பேர் அந்த இடத்திலேயே, மழையில் நனைந்தபடி, தெரியாமலே பதில் சொல்லிவிடுகிறார்கள். கார் எந்தப் பட்டறை வாசலில் முதலில் இறங்குகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் வேலையும் நடக்கிறது. பிறகு மனசு மாறி வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தால் இழுத்து வந்த கூலி, நிறுத்தி வைத்த வாடகை என்று ஒரு பில் நீளும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போடாதீர்கள். காப்புறுதிப் பத்திரத்திலோ நிறுவனத்தின் ஆப்பிலோ இருக்கும் அவசர எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் குறிப்பிட்ட தூரம் வரை இழுவைச் சேவையை இலவசமாகவே தருகின்றன. வருகிற லாரி யாருடையது, எங்கே கொண்டுபோகிறது என்பது அப்போது நிறுவனத்துக்கும் தெரியும். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கோங்க. எதிர்த்தரப்பின் நம்பர் பிளேட்டும் சேர்ந்து விழட்டும்.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுத்தாக வேண்டும். காப்புறுதிக் கோரிக்கைக்கும் அந்தப் புகார் நகல்தான் அடிப்படை. கார் ராத்திரி முழுக்க எங்காவது பத்திரமாக நிற்கட்டும். பட்டறையைக் காலையில் தேர்ந்தெடுக்கலாம்.

யார் பணம் கொடுக்கிறார்கள்?

பட்டறையைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பது, பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

தவறு உங்கள் பக்கம் என்றால் உங்கள் சொந்தக் காப்புறுதியிலிருந்துதான் கேட்க வேண்டும். அப்போது நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டறைக்குத்தான் போக முடியும். பொதுவாக, மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாம் அங்கீகரித்த பட்டறைகளில் இருந்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு 'பேனல்' பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் டீலரின் பட்டறையும் இருக்கலாம், தனியார் பட்டறையும் இருக்கலாம். பட்டியலுக்கு வெளியே போய் முன் அனுமதி இல்லாமல் வேலையை ஆரம்பித்தால், கோரிக்கையை நிராகரிக்கவோ குறைத்துக் கொடுக்கவோ நிறுவனத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

தவறு எதிர்த்தரப்புடையது என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அவருடைய காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்பது. பட்டறையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பழுது பார்க்கத் தேவை என்று மதிப்பிடப்படும் நாட்களுக்கு, கார் இல்லாமல் பட்ட சிரமத்துக்கான ஈட்டுத்தொகையும் கேட்கலாம். ஆனால் இது மெதுவான வழி. இன்னொன்று, 'நாக் ஃபார் நாக்' என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் ஏற்பாடு. உங்களிடம் முழுக் காப்புறுதி இருந்து, தவறு எதிர்த்தரப்புடையது என்று போலீஸ் விசாரணையில் உறுதியானால், உங்கள் நிறுவனமே பழுதுக்குப் பணம் கொடுத்துவிடும். உங்கள் என்சிடி, அதாவது கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி, அப்படியே இருக்கும். இதில் வேகம் அதிகம், ஆனால் பட்டறை மறுபடியும் உங்கள் நிறுவனத்தின் பேனலுக்குள்தான். இதற்கென நிபந்தனைகளும் உண்டு என்பதால் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நம் கதையில் பின்னாலிருந்து இடித்தது நீங்கள். ஆக, சொந்தக் காப்புறுதி. பேனல் பட்டறை.

'டீலர்' என்று நாம் சொல்வது எதை?

இங்கேதான் பெரிய குழப்பம். ஈப்போவில் பளபளவென்று கண்ணாடி வைத்த ஷோரூம் இருக்கிறது. கார் வாங்கியதும் அங்கேதான், சர்வீஸ் செய்வதும் அங்கேதான். அதனால் அடிபட்ட காரையும் அவர்களே அங்கேயே பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மலேசியாவில் கார் விற்பனை நிலையங்களை 1எஸ், 2எஸ், 3எஸ், 4எஸ் என்று பிரிப்பார்கள். 3எஸ் என்றால் விற்பனை, சர்வீஸ், உதிரிபாகம். தகரம் தட்டி, நிமிர்த்தி, பெயின்ட் அடிக்கும் பிரிவும் சேர்ந்தால்தான் 4எஸ். எண்ணெய் மாற்றுகிற இடமும் உடைந்த முன்பக்கத்தை நிமிர்த்துகிற இடமும் ஒன்றல்ல. 3எஸ் நிலையத்தில் அடிபட்ட காரை விட்டால், அவர்கள் அதை வேறொரு பட்டறைக்கு அனுப்பலாம். அது டீலர் குழுமத்தின் இன்னொரு கிளையாக இருக்கலாம். மெங்லெம்புவில் இருக்கும் தனியார் பட்டறையாகவும் இருக்கலாம். டீலர் வேண்டும் என்று போன நீங்கள், கடைசியில் வெளிப் பட்டறையில் செய்த வேலையை டீலர் வாசலில் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி சின்னதுதான்: "தகர வேலையும் பெயின்டும் இந்த வளாகத்திலேயே நடக்குமா? நான் வந்து பார்க்கலாமா?" தயங்காமல் ஆமாம் என்றால் நல்லது. இழுத்துப் பேசினால் காரணத்தைக் கேளுங்கள்.

வெளிப் பட்டறைகளும் ஒரே ரகம் இல்லை. சட்டத்தை இழுத்து நிமிர்த்தும் மேடை, அளவெடுக்கும் கருவி, தூசி புகாத பெயின்ட் அறை, கலர் கலக்கும் கம்ப்யூட்டர் என்று எல்லாம் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, கைத்திறமையை மட்டும் நம்பி ஓடும் பெங்கெல்களும் உண்டு. கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பம்பரில் ஒரு கீறலைத் துடைத்ததுபோல் மறைய வைக்கும் அண்ணன்மார்கள் பேராவில் நிறைய. ஆனால் முன்சட்டம் 5 மில்லிமீட்டர் கோணலாகி இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

5 வருஷக் கோடு

காரின் வயசுதான் பாதி முடிவை எடுத்துக் கொடுக்கிறது. 5 வருஷம் என்ற இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறுகிறது.

பெரோடுவா, புரோட்டோன் கார்களுக்கு இப்போது பொதுவாக 5 ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. வாரண்டியில் இருக்கும் காரை வெளியே பழுது பார்த்தால் மொத்த வாரண்டியும் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வெளியில் கைவைத்த பாகத்தில் பிறகு கோளாறு வந்தால், "அது விபத்து வேலையால் வந்தது" என்று கைவிரிக்க அவர்களுக்கு வாய்ப்பு உண்டு. யார் சரி என்று நிரூபிக்கும் தலைவலி உங்களுடையது. வாரண்டி காலத்தில் இருக்கும் காரை, அந்தக் கார் பிராண்டின் சொந்தப் பட்டறையிலேயே பழுது பார்க்கப் பல காப்புறுதி நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அதே 5-வது ஆண்டில்தான் 'பெட்டர்மென்ட்' ஆரம்பிக்கிறது. பழைய காரில் உடைந்த பழைய பாகத்துக்குப் பதில் புத்தம் புது ஒரிஜினல் பாகம் போடும்போது, விபத்துக்கு முன் இருந்ததைவிட உங்கள் கார் மேலான நிலைக்குப் போகிறது அல்லவா? அந்த மேன்மைக்கான பங்கை நீங்கள் கொடுங்கள் என்பதுதான் கணக்கு. கார் 5 வயதைத் தொட்டால் பாகத்தின் விலையில் 15%, 6-ல் 20%, 7-ல் 25%, 8-ல் 30%, 9-ல் 35%, 10-க்கு மேல் 40%. கூலிக்கு இது கிடையாது. புதுப் பாகத்துக்கு மட்டும்தான்.

அப்பாவின் மைவிக்கு வயசு 7 என்று வைத்துக்கொள்வோம். முன் பம்பர், பொனட், ரேடியேட்டர், விளக்கு எல்லாம் சேர்த்து புதுப் பாகம் 4,000 ரிங்கிட் என்றால், 1,000 ரிங்கிட் உங்கள் கையிலிருந்து போகிறது. காப்புறுதி எடுக்கும்போதே சின்னக் கூடுதல் கட்டணம் கட்டி பெட்டர்மென்டை நீக்கிக்கொள்ளும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. நம் வீடுகளில் பத்திரத்தை யார் அவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறார்கள்? ரோட் டாக்ஸ் போட அது வேண்டும், அவ்வளவுதான்.

டீலர் பட்டறை பொதுவாகப் புது ஒரிஜினல் பாகத்தையே போடும். வயசான காருக்கு அதுவே பெட்டர்மென்டைக் கூட்டும். தனியார் பட்டறையில் ஒரு நெளிவு உண்டு. கதவு, பொனட், ஃபெண்டர் போன்ற தகரப் பாகங்களை, நிறுவனமும் அட்ஜஸ்டரும் ஒப்புக்கொண்டால், நல்ல நிலையிலுள்ள பழைய பாகமாக ஹாஃப்கட் கடையிலிருந்து எடுத்துப் போடலாம். புதுப் பாகம் இல்லை என்பதால் பெட்டர்மென்டும் இல்லை. ஆனால் இது உங்களுக்குச் சொல்லி, எஸ்டிமேட்டில் எழுதி நடக்க வேண்டிய காரியம். புதுப் பாகத்துக்குப் பணம் வாங்கிப் பழையதை மாட்டுவது வேறு. அதற்குப் பெயர் மோசடி.

சுருக்கமாக என் கருத்து: 5 வயசுக்குள் இருக்கும் கார் என்றால், உண்மையிலேயே 4எஸ் வசதி உள்ள டீலர் பட்டறை. அதைத் தாண்டிவிட்டால், நீங்கள் நேரில் போய்ப் பார்த்த, பேனலில் இருக்கிற ஒரு நல்ல தனியார் பட்டறை. இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு இருக்கிறது.

வயசு எதுவானாலும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்கள்

ஏர்பேக் வெடித்திருந்தால் பையை மட்டும் மாற்றினால் போதாது. அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி, மோதலை உணரும் சென்சார் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியாமல் இருக்க ஒரு சின்ன மின்தடுப்பானை மாட்டி ஏமாற்றும் வேலை உலகத்தில் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பழைய ஏர்பேக்கை மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஏற்காதீர்கள். தக்காத்தா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக்குகளால் மலேசியாவிலும் உயிர் போயிருக்கிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பாதியாக வெட்டி வந்த ஒரு ஜப்பானியக் காரின் பாகம் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது, கேமரா. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியிலிருந்து பெரோடுவாவின் உயர்ரக மாடல்களில், முன்கண்ணாடியின் உச்சியில் இரட்டைக் கேமரா இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து எச்சரிப்பதும், தேவைப்பட்டால் பிரேக் பிடிப்பதும் அதன் வேலை. முன்கண்ணாடியை மாற்றினாலோ, கேமராவைக் கழற்றி மாட்டினாலோ அதன் பார்வையை மறுபடி சரிப்படுத்தியாக வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறை உங்கள் காரை அழகாகப் பெயின்ட் அடித்துக் கொடுக்கும். அடுத்த தடவை பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் கேமரா வேறெங்காவது பார்த்துக்கொண்டிருக்கும். தனியார் பட்டறையில் தகர வேலையை முடித்து, கேமராவுக்கு மட்டும் பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பச் சொல்லலாம். அந்தச் செலவையும் எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அடிச்சட்டம். முன்சட்டமோ தூண்களோ வளைந்திருந்தால் அளவெடுத்த தாளைக் கேளுங்கள். நிமிர்த்துவதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு. கொடுக்க முடிந்த பட்டறைதான் அந்த வேலைக்குரிய பட்டறை. அது டீலரா தனியாரா என்பது இரண்டாவது கேள்வி.

ஒரு மணி நேரத்துக்கு 30 ரிங்கிட்

காப்புறுதி வேலை என்றால் பட்டறைக்காரர் ஏன் முகம் சுளிக்கிறார், அல்லது ஏன் அவசரப்படுத்துகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்குப் பின்னால் இந்நாட்டில் பல வருஷம் ஓடிய ஒரு வழக்கு இருக்கிறது.

2011-ல் பியாமும் அதன் உறுப்பினர் நிறுவனங்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. புரோட்டோன், பெரோடுவா, நிசான், டொயோட்டா, ஹோண்டா, நாசா ஆகிய 6 கார் வகைகளின் உதிரிபாகங்களுக்குப் பட்டறைகள் தர வேண்டிய தள்ளுபடி எவ்வளவு, பட்டறைக் கூலி மணிக்கு எவ்வளவு என்பதை அது வரையறுத்தது. கூலி மணிக்கு 30 ரிங்கிட். மலேசியப் போட்டி ஆணையமான மைசிசி இதை விசாரித்தது. நிறுவனங்கள் கூடி விலையை நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி, 2020 செப்டம்பரில் பியாமின் 22 உறுப்பினர் நிறுவனங்களுக்கு மொத்தம் 17 கோடியே 36 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் விதித்தது. கோவிட் காலம் என்பதால் அதில் 25% குறைத்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. பட்டறைகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் இடையிலான தகராறைத் தீர்க்க பேங்க் நெகாரா சொன்னதன் பேரில்தான் இது நடந்தது என்பது அவர்களின் வாதம். 2022 செப்டம்பரில் போட்டி மேல்முறையீட்டு நடுவர் மன்றம் மைசிசியின் முடிவை ரத்து செய்தது.

சட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, அந்த 30 ரிங்கிட் நமக்குச் சொல்லும் சேதிதான் முக்கியம். உங்கள் காரில் வேலை செய்பவருக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்று தீர்மானிப்பது நீங்களும் இல்லை, அவரும் இல்லை. எம்ஆர்சி போன்ற கம்ப்யூட்டர் மதிப்பீட்டு முறையில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நேரம் என்று இருக்கும். நிறுவனமும் அட்ஜஸ்டரும் அதை வைத்து அனுமதி கொடுப்பார்கள். அனுமதித்த தொகைக்குள் லாபம் பார்க்க வேண்டும் என்றால் எங்காவது நேரத்தைச் சுருக்க வேண்டும். வெளியில் தெரியாத இடத்தில்தான் அது சுருங்கும்: துருப் பிடிக்காமல் இருக்க உள்பக்கம் பூசும் பூச்சு, இரண்டு கோட் பெயின்டுக்கு இடையில் காய விடும் நேரம், எண்ணிக்கை குறைந்த வெல்டிங் புள்ளிகள். டீலர் பட்டறையில் இதே அழுத்தம் வேறு வடிவத்தில் வரும். அவர்களின் கட்டணம் நிறுவனம் அனுமதித்ததைவிட அதிகமாக இருந்தால் வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள். "டாப்-அப் எதுவும் வருமா?" என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தெரிந்த அண்ணன் பட்டறை

பத்து காஜா போன்ற ஊரில் இதைப் பேசாமல் விட முடியாது. யாருக்குத்தான் ஒரு பட்டறைக்காரச் சொந்தம் இல்லை? மாமாவின் கூட்டாளி, கோயில் கமிட்டியில் இருப்பவர், அப்பாவோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர். "அவர்கிட்ட கொடுக்காம ஈப்போவுக்குக் கொண்டு போனா என்ன நினைப்பாரு?" என்று அம்மா கேட்பார்.

தெரிந்தவர் என்பது நிஜமான நன்மைதான். தினமும் எட்டிப் பார்க்கலாம். பொய் சொன்னால் ஊருக்குள் முகம் கொடுக்க வேண்டும் என்பது எந்த வாரண்டித் தாளையும்விட வலுவானது. ஈப்போவுக்கு அரை மணி நேரம் போய்வர வேண்டியதில்லை. கார் பட்டறையில் நிற்கும்போது அது பெரிய விஷயம். ஆனால் அவர் உங்கள் நிறுவனத்தின் பேனலில் இருக்கிறாரா? இல்லையென்றால், சில நேரம் கோரிக்கையை வேறொரு பேனல் பட்டறையின் பெயரில் போட்டு, வேலையை இவர் செய்வார். பிறகு கோளாறு வந்தால் பொறுப்பு யாருடையது? தாளில் இருப்பவர் வேலை செய்யவில்லை, வேலை செய்தவர் தாளில் இல்லை. இதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

அவரிடம் மரியாதையாகச் சொல்ல ஒரு வழி உண்டு: "அண்ணே, இன்சூரன்ஸ்காரங்க லிஸ்ட்ல உள்ள இடத்துக்குத்தான் விடுறாங்க. நீங்க ஒரு தடவை வந்து அந்த எஸ்டிமேட்ட மட்டும் பாத்துச் சொல்லுங்க." அவர் மனசும் நோகாது, அனுபவமுள்ள ஒரு கண்ணும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்.

காப்புறுதியைத் தொடவே வேண்டுமா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அப்பா பல வருஷம் எந்தக் கோரிக்கையும் இல்லாமல் ஓட்டி 55% என்சிடி சேர்த்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு சொந்தச் சேதக் கோரிக்கை போட்டால், அடுத்த புதுப்பிப்பில் அது 0. மறுபடி 25, 30, 38.33, 45 என்று ஏறி 55-க்கு வர வேண்டும்.

என்சிடி கழிப்பதற்கு முன் ஆண்டுக் கட்டணம் 1,200 ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 55% இருந்தால் அவர் கட்டுவது 540. கோரிக்கைக்குப் பிறகு முதல் ஆண்டு 1,200, பிறகு 900, 840, 740, 660. ஐந்து ஆண்டில் கூடுதலாகப் போவது சுமார் 1,640 ரிங்கிட். இதோடு முன்பு சொன்ன பெட்டர்மென்ட் 1,000. நீங்கள் பி லைசென்ஸில் இருக்கிறீர்களா? அப்படியானால் வழக்கமான பாலிசியில் 400 ரிங்கிட் எக்சஸும் உங்கள் தலையில். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர், பாலிசியில் பெயர் சேர்க்கப்படாதவர் ஓட்டியிருந்தாலும் அதே 400. 'இன்சூரன்ஸ் பாத்துக்கும்' என்று சொன்ன வேலைக்கு மொத்தம் 3,040 ரிங்கிட்.

பெரிய சேதம் என்றால் இதற்கு மேலும் கோரிக்கை போடுவதே லாபம். சேதம் இரண்டாயிரத்துச் சொச்சம் என்றால், நல்ல தனியார் பட்டறையில் சொந்தக் காசில் முடிப்பது புத்திசாலித்தனம். அப்போது பேனல் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. முன்னால் நின்ற கார்க்காரர் உங்கள் காப்புறுதியிலிருந்து தன் சேதத்துக்குக் கேட்டால், உங்கள் காருக்கு நீங்கள் கைக்காசு போட்டாலும் என்சிடி போய்விடும். எனவே அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்த பிறகே முடிவெடுங்கள். கோரிக்கை போடாவிட்டாலும் விபத்தை நிறுவனத்துக்குத் தெரிவிப்பது பாலிசியின் நிபந்தனை. முன்கண்ணாடிக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் அந்தக் கோரிக்கை என்சிடியைப் பாதிக்காது.

காரை விட்ட பிறகு

வெற்றுக் கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எஸ்டிமேட்டின் நகல், நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தின் நகல் இரண்டையும் வாட்ஸ்அப்பிலாவது வாங்கி வையுங்கள். எந்தப் பாகம் புதுசு, எது பழசு, எது நிமிர்த்தி மறுபடி போடப்படுகிறது என்பது அதில் இருக்கும்.

கழற்றிய பிறகு உள்ளே இன்னும் சேதம் தெரிவது சகஜம். அதற்குப் பட்டறை துணைக் கோரிக்கை போட்டு மறுபடி அனுமதி வாங்க வேண்டும். அதனால் நாளாகும். பாகம் வரவில்லை, அட்ஜஸ்டர் வரவில்லை, அனுமதி வரவில்லை என்று மூன்று காரணத்தில் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் நிறுவனத்திடமும் தனியாகக் கேட்டுச் சரிபாருங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-ல் இறந்த பிறகு அவருடைய மாளிகை பாதி வேலையோடு நின்றது. உங்கள் காரும் அப்படி நிற்க வேண்டியதில்லை.

எடுக்கப் போகும்போது பகலில் போங்கள். சாயங்கால வெளிச்சத்தில் எல்லாப் பெயின்டும் ஒரே நிறமாகத் தெரியும். பொனட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் 'திருப்தி' என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்து. அந்தத் தாள் கிடைத்தால்தான் பட்டறைக்குப் பணம் வரும் என்பதால், உங்கள் பேச்சுக்கு அதிக மதிப்பு இருக்கும் நேரம் அதுதான்.

அதற்குப் பிறகும் தகராறு என்றால், முதலில் காப்புறுதி நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்களின் இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால், நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்புச் சேவையான எஃப்எம்ஓஎஸ்ஸுக்குப் போகலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்த அமைப்பும் சிட்ரெக்கும் இணைந்து 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விபத்து நடந்த ராத்திரி எடுத்த படங்கள், போலீஸ் புகார், எஸ்டிமேட், அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தால் அனுப்ப ஐந்து நிமிடம் போதும்.